சத்தியராஜின் பூட்ஸும் எங்கள் வளவும்

எங்கள் வளவில் ஆறு வீடு, ஒரு கிணறு, ஒரு துணிக்கொடி. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் மற்ற ஐந்து வீட்டிலும் ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும். அப்படிப்பட்ட இடத்தில் நாற்றமடிக்கிற ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, 'இது என் சொந்த விஷயம், நான் பார்த்துக்கிடுதேன்' என்று ஒருவன் சொன்னால் எடுபடுமா? சத்தியராஜ் சொல்லிப் பார்த்தான். யாரும் காதில் வாங்கவில்லை.

புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. சத்தியராஜ் என் அடுத்த வீட்டுத் தேவகனியின் தம்பி. நாசரேத்துப் பையன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அக்கா வீட்டிலிருந்து வேலை தேடுகிறான் என்று பெயர். தேடிய நேரத்தைவிட எங்கள் வீட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம் அதிகம்.

தேவகனியின் வீட்டுக்காரர் எபனேசர் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் கிளார்க்கு. 'தெரியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. சாத்தான்குளத்தில் அவருடைய அண்ணனுக்கு இரும்புக்கடை இருந்தது. பங்குனி பிறந்ததும் சத்தியராஜ் அங்கே போய் நிற்கவேண்டியது என்று அவர் தீர்மானம் செய்துவிட்டார்.

"பி.எஸ்ஸி. படிச்சவன ஆணி நிறுக்கச் சொல்லுதியளே" என்று தேவகனி ஒருநாள் கேட்டாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் மெலிசு.

"ஏன், பி.எஸ்ஸி. படிச்சவன் நிறுத்தா ஆணி எடை கொறைஞ்சிருமா?" என்றார் எபனேசர்.

இந்த நிலைமையில்தான் அந்தக் கடிதம் வந்தது. மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிற ஒரு கம்பெனி. உதவி சூப்பர்வைசர் வேலை, தங்க குவார்ட்டர்ஸ். அடுத்த வாரம் சனிக்கிழமை பத்து மணிக்குத் தூத்துக்குடியிலேயே, கடற்கரை ரோட்டில் கப்பலுக்கு ஏற்றத் தேயிலைப் பெட்டி அடுக்கி வைத்திருக்கிற கம்பெனிக் குடோனில், இண்டர்வியூ. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்கவேண்டும். வண்டி ஓட்டுகிற பூட்ஸ், முழங்கால் வரைக்கும் வருகிற மாதிரி, வைத்திருக்கவேண்டும். தபால்காரர் அதை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனதால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் கடமை எனக்கு இருந்தது.

"மலையில அட்டை கடிக்குமாம் பகவதியக்கா. அதான் முட்டு வரைக்கும் பூட்ஸாம்" என்றாள் தேவகனி. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து நாளாகியிருந்தது. வேலை கிடைத்தால் தம்பி மலைக்கு. கிடைக்காவிட்டால் ஆணிக்கு. இரண்டே வழி.

மோட்டார் சைக்கிளில் சத்தியராஜ் அதுவரை பின்னால் உட்கார்ந்து போனதோடு சரி. ஆனால் மாப்பிள்ளையூரணியில் அவனோடு காலேஜில் படித்த சிவசுப்பிரமணியன் என்று ஒரு பையன் இருந்தான். அவனிடம் ஒரு ராஜ்தூத். ஞாயிறு, செவ்வாய், வியாழன் மூன்று நாளும் ஊருக்கு வெளியே பொட்டலில் வைத்துக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தான். வியாழக்கிழமை அவன் மாமாவுடைய புல்லட்டும் வருமாம். 'ரெண்டுலயும் ஓட்டிப் பழகிரு, இண்டர்வியூல எந்த வண்டியக் குடுப்பானோ' என்று அந்தப் பையன் புத்தியாகத்தான் சொன்னான். அந்த விஷயத்தில் புத்தியாகப் பேசியவன் அவன் ஒருவன்தான் என்பது பிறகு தெரிந்தது.

ஓட்டக் கற்றுக்கொள்ள ஆள் இருந்தது. பூட்ஸ்தான் இல்லை. தூத்துக்குடியில் எந்தக் கடையிலும் முழங்கால் உயரத்துக்குப் பூட்ஸ் கிடையாது. போலீஸ் லைன் பக்கத்துச் செருப்புத் தைக்கிறவர் ஒரு மாதம் கேட்டார். அப்போதுதான் மூன்றாவது வீட்டு அம்புரோஸ் உள்ளே வந்தார். அம்புரோஸுக்குச் சங்கு சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் வேலை. அவர் தம்பி தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டு கடலுக்குள்ளே நிற்கிற கப்பலுக்குப் போய் வருகிறவர். அந்தத் தம்பி பளபளப்பாகத் தேய்த்த ஒரு சங்கையும் இரண்டு பொட்டலம் பனங்கற்கண்டையும் ஒரு வெள்ளைக்கார மாலுமியிடம் கொடுத்து, பதிலுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வந்துவிட்டார். எண்ணெய்த்தாள் பிரிக்காத புதுப் பூட்ஸ்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வளவு நடுவில் வைத்துத் தாளைப் பிரித்தார்கள்.

அந்த வாடையை எப்படிச் சொல்ல? தார் காய்ச்சுகிற இடத்தில் மூட்டைப்பூச்சி மருந்து டப்பாவைத் தவறவிட்டு, அதன்மேல் ஒரு பழைய டயரையும் போட்டு எரித்த மாதிரி. மூக்கில் ஏறியது தொண்டைக்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கிணற்றடியில் படுத்திருந்த நாய் எழுந்து வெளியே போனது.

அம்புரோஸின் வீட்டுக்காரி அல்போன்சா குசினியிலிருந்து குரல் கொடுத்தாள். "எவ மருந்து அடிக்கா? சொல்லிட்டு அடிக்கக் கூடாதா? பானை தெறந்து கெடக்குல்லா!"

"மருந்து இல்ல, பூட்ஸு" என்றார் அம்புரோஸ். "கப்பல்ல பூச்சி அரிக்காம இருக்க என்னமோ போட்டு வச்சிருப்பான். புதுசுன்னா அப்படித்தான் இருக்கும். போடுலே சத்தியராசு, அளவு பாப்போம்."

அளவு கச்சிதம். இதைத் துரதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும். இரண்டு விரல் சிறிசாக இருந்திருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்பார்கள். சத்தியராஜ் அதைப் போட்டுக்கொண்டு கிணற்றைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான். தோட்டத்துத் துரை மாதிரித்தான் இருந்தான், மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தால்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்த எபனேசர் வாசலிலேயே நின்றுவிட்டார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு விசாரித்தார். பிறகு ஒரு தகவலை இறக்கி வைத்தார்.

"ஏலே, இண்டர்வியூ எங்கன? தேயிலைக் குடோன்லயா? போச்சு. தேயிலைக்குப் பக்கத்துல சோப்புப் பெட்டிய வச்சாலே அத்தன பெட்டியும் சோப்பு வாடை அடிக்கும். வாசத்த அப்படி இழுக்கும். இதப் போட்டுக்கிட்டு அந்த வாசப்படிய மிதிச்சேன்னு வையி, அடிச்சு வெரட்டிருவான்."

"நெசமாத்தானா அத்தான்?" என்றான் சத்தியராஜ்.

"கப்பல் ஆபீஸ்ல பதினோரு வருசமா என்ன, பல்லாங்குழியா ஆடுதேன்? வாடையப் போக்கு. இல்லன்னா சாத்தான்குளத்துக்கு லெட்டர் எழுதிருதேன்."

அந்த நிமிஷத்திலிருந்து வாடை வளவுக்குச் சொந்தமாகிவிட்டது. ஆளுக்கொரு யோசனை. சனிக்கிழமை காலையில் முதல் யோசனைப்படி பூட்ஸைத் துணிக்கொடியில் கவிழ்த்துத் தொங்கவிட்டார்கள். மாசி மாதத்து வெயில் நம் ஊரில் எப்படி என்று சொல்லவேண்டியதில்லை. பதினொரு மணிக்குத் தோல் சூடேறியது. உள்ளே அடங்கிக் கிடந்த வாடையெல்லாம் விழித்துக்கொண்டு வெளியே வந்தது. அதே கொடியில் காய்ந்த ஆறு வீட்டுத் துணியிலும் ஏறியது. என் வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடையில் வேலை. திங்கட்கிழமை அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்ப் பட்டுச் சேலையை விரித்துக் காட்ட, 'சேலைக்கு ரசகற்பூரத்துக்குப் பதிலா வேற என்னமோ போட்டிருக்கிய' என்று ஒரு அம்மாள் எழுந்து போய்விட்டாளாம்.

அடுத்தது சாம்பிராணி. இது என் யோசனை, மறைக்கவில்லை. வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டுப் புகைத்தால் போகாத வாடை எது? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சத்தியராஜ் மாப்பிள்ளையூரணிக்குப் புறப்பட்டபோது, மூன்று மணிக்குக் கங்கு தயாராக இருக்கும், அதற்குள் வந்துவிடு என்று சொல்லியனுப்பினேன். அவனும் ஒரு மணி நேரம் மட்டும் ராஜ்தூத்தை ஓட்டிவிட்டு, முழங்கை சிராய்ப்போடு ஓடி வந்தான்.

எபனேசர் வழியை மறித்தார். சி.எஸ்.ஐ. சபைக்காரரான அவருக்குச் சாம்பிராணி என்றால் கத்தோலிக்க வழக்கம். "என் வீட்ல சாம்பிராணியா? நாங்க என்ன ஆர்.சி.யா?"

"ஏன், ஆர்.சி. மூக்கு மட்டும் இரும்பா?" என்றாள் அல்போன்சா கிணற்றடியிலிருந்து.

கடைசியில் எங்கள் வீட்டு எல்லைக்குள் வைத்துப் புகை போட்டோம். இரண்டு கம்பை நட்டு, பூட்ஸைத் தலைகீழாகச் சொருகி, கீழே புகைச்சட்டி. ஒரு மணி நேரம். பிறகு எடுத்து முகர்ந்து பார்த்தால், அம்மன் கோவிலுக்குள் யாரோ மூட்டைப்பூச்சி மருந்து அடித்த மாதிரி இருந்தது. பழையது போகவில்லை, புதியது பக்கத்தில் இடம்பிடித்து உட்கார்ந்துகொண்டது.

"இப்பம் ரெண்டு வாடைய எடுக்கணும்" என்றார் எபனேசர், மூக்கைப் பொத்திக்கொண்டே.

திங்கட்கிழமைதான் சத்தியராஜ் தன் வாயைத் திறந்தான். இஸ்திரிப் பெட்டிக்கு வைத்திருந்த கரியைத் தேவகனியிடம் கேட்டு வாங்கி, நன்றாகப் பொடித்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் இரண்டு முடிச்சாக இறக்கினான். நிழலில், காற்று ஓடுகிற நடைபாதையில் வைத்தான். "கரி வாடைய இழுத்துக்கிடும்க்கா. படிச்சிருக்கேன்" என்றான் என்னிடம். கெமிஸ்ட்ரி படித்தவன் வீட்டில் இருக்கும்போது மூன்று நாளாக அவனிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நானே மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன். பாதி போயிருந்தது. சத்தியமாகப் பாதி.

"இன்னும் மூணு நாளு அப்படியே கெடந்தா முழுசும் போயிரும்" என்றான். முகத்தில் ஒரு வெளிச்சம். "இப்பம் நான் மாப்பிள்ளையூரணிக்குப் போயிட்டு வாரேன். சிவசு காத்துக்கிட்டு இருப்பான்."

போயிருக்கலாம். எல்லாம் சரியாகி வருகிற அந்த நேரத்தில் அம்புரோஸ் வந்து சேர்ந்தார். குனிந்து ஒரு பூட்ஸை எடுத்தார், முகர்ந்தார், தலையை ஆட்டினார்.

"இருக்கு."

"பாதி போயிட்டுண்ணே."

"மிச்சம் பாதி இருக்குல்லா? எபனேசரய்யா என்ன சொன்னாரு? தேயிலை இழுத்துரும்னுல்ல சொன்னாரு. கரி, சாம்பிராணியெல்லாம் வீட்டு வாடைக்கு. இது கப்பல் வாடை. இதுக்குக் கடல்தான் வைத்தியம். நான் தெனமும் என்ன வேல பாக்கேன்?"

அவர் பார்க்கிற வேலை எங்கள் எல்லோருக்கும் தெரியும். முக்குளிக்கிறவர்கள் எடுத்துவருகிற சங்கு உள்ளே சதையோடுதான் வரும். கிட்டங்கியில் அதை மணல் குழியில் போட்டு மூடிவிடுவார்கள். நாளாக ஆகச் சதையெல்லாம் அழுகிக் கழிந்துவிடும். பிறகு கடல் தண்ணீரில் மூன்று தடவை அலசினால் சங்கில் ஒரு பொட்டு வாடை இருக்காது. பூஜைக்குப் போகிற சங்கு அப்படித்தான் சுத்தமாகிறது.

"செத்ததோட வாடையவே அந்த மண்ணு தின்னுருது. செருப்பு வாடை அதுக்கு எம்மாத்திரம்?" என்றார் அம்புரோஸ். "ஆனா இப்பமே வரணும். இன்னிக்குக் குழியத் தெறக்கோம். நாளைக்கு வந்தா தெறக்க மாட்டோம்."

சத்தியராஜ் என்னைப் பார்த்தான். நான் ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம். ஆனால் அம்புரோஸ் சொன்னது கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மற்ற நான்கு வீட்டுக்காரர்களும் அதையே சொன்னார்கள். தேவகனி, "எதுக்கும் அதையும் செஞ்சு பாத்துருவோம்டா" என்றாள். எதுக்கும் என்று தொடங்குகிற வேலையில் உருப்பட்டது எது? கரி முடிச்சை எடுத்துத் திண்டில் வைத்துவிட்டுப் பையன் பூட்ஸோடு கிட்டங்கிக்குப் போனான். குழி திறந்து, பூட்ஸை வைத்து, மூடி வருவதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. மாப்பிள்ளையூரணியில் சிவசுப்பிரமணியன் இருட்டும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனானாம். புதன்கிழமை அவன் வண்டியோடு உப்பளத்துக்குப் போய்விடுவான். ஆகவே அந்த நாளும் இல்லை.

வியாழக்கிழமை புல்லட் வருகிற நாள். அன்றைக்குத்தான் பூட்ஸையும் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் காயப்போட நேரம் இருக்காது. 'எட்டு மணிக்கு எடுத்துட்டு ஒம்பது மணிக்கு மாப்பிள்ளையூரணி போயிரலாம்' என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனான். அங்கே போனால், திறக்கமாட்டோம் என்ற குழியையே திறந்து, புதன்கிழமை வந்த முந்நூறு சங்கைப் பூட்ஸ் மேலேயே கொட்டி மூடியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுத் தோண்டி வெளியே கொண்டுவரும்போது மணி ஒன்று. புல்லட் அதற்குள் வந்து திரும்பிப் போயிருந்தது.

வளவுக்குள் அவர்கள் நுழைவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. முதலில் ஈ வந்தது. பிறகு அம்புரோஸ். பிறகு, கையைத் தூரமாக நீட்டிப் பூட்ஸைப் பிடித்தபடி சத்தியராஜ். நான் கடற்கரை ஊரில் பிறந்தவள். கருவாட்டுச் சந்தைக்குள் பிள்ளைத்தாய்ச்சியாகவே நடந்து போனவள். நானே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"அந்த மருந்து வாடை இருக்கா? மோந்து பாத்துச் சொல்லு. இருக்கா?" என்று கேட்டார் அம்புரோஸ்.

சத்தியராஜ் முகர்ந்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இல்லண்ணே."

"பெறவென்ன?"

மருந்து வாடை அடியோடு போயிருந்தது. அந்த இடத்தில் முந்நூறு சங்கின் சதை குடியேறியிருந்தது.

"அது ஒண்ணுமில்ல. மூணு அலசு அலசினா போயிரும்" என்று சங்குக்குச் செய்கிற மாதிரியே மூன்று தடவை கடல் தண்ணீரில் அலசிக் காயப்போட்டார்கள். நாற்றம் முக்கால் பங்கு குறைந்தது உண்மை. ஆனால் சங்கு தோல் இல்லையே. சாயங்காலம் பார்த்தால் பூட்ஸ் முழுக்க உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. தட்டினால் பலகை மாதிரி 'டொக் டொக்' என்றது. கணுக்கால் மடிகிற இடம் மடியவே இல்லை.

வெள்ளிக்கிழமை முழுக்கத் தேவகனி தேங்காய் எண்ணெயைப் போட்டுத் தேய்த்தாள். அரைப் படி எண்ணெய் குடித்துவிட்டுப் பூட்ஸ் அப்படியே விறைத்து நின்றது. கறுப்பாகி மினுங்கியதுதான் மிச்சம். தேய்த்துக்கொண்டே அவள் அழுததை நான் பார்த்தேன். "அவுக சாத்தான்குளத்துக்கு லெட்டரே எழுதி வச்சிட்டாகக்கா. ஒட்டத்தான் இல்ல" என்றாள்.

சனிக்கிழமை காலையில் அம்புரோஸும் எபனேசரும் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தள்ள, சத்தியராஜின் பாதம் பூட்ஸுக்குள் போனது. போட்டபின் அவனால் உட்காரவும் முடியவில்லை, ஒழுங்காக நடக்கவும் முடியவில்லை. கவட்டை மாதிரிக் காலை அகட்டி வைத்து நடந்தான். எபனேசர் தன் சைக்கிள் கேரியரில் அவனை ஏற்றி, இரண்டு பக்கமும் கால் விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்க, அழைத்துக்கொண்டு போனார். எனக்கும் அன்றைக்குக் கடற்கரை ரோட்டில் மீன் வாங்கவேண்டியிருந்தது. தேவகனியும் துணைக்கு வந்தாள்.

குடோன் கதவு திறந்திருந்தது. உள்ளே கூரைவரைக்கும் தேயிலைப் பெட்டி. எபனேசர், "வாசப்படிகிட்ட போகாத, தள்ளி நில்லு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஆனால் போகவேண்டிய அவசியமே வரவில்லை. வண்டி ஓட்டிக் காட்டவேண்டுமே, அதனால் மேனேஜர் மேசை நாற்காலியை ரோட்டோரத்து வேப்பமரத்தடியில் போடச் சொல்லியிருந்தார். நல்ல வாட்டசாட்டமான மனிதர். பக்கத்தில் ஒரு புல்லட் நின்றது.

வந்திருந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவன் சாயர்புரத்துப் பையன். காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ.

"பூட்ஸ் எங்கே?" என்று மேனேஜர் அவனைக் கேட்டார்.

"இல்ல சார். வேலை கெடைச்சா தைச்சுக்கிடுவேன்."

"சரி" என்றார் மேனேஜர்.

அவ்வளவுதான். நான் தேவகனியின் முகத்தைப் பார்க்கவில்லை. என்னால் முடியவில்லை.

சத்தியராஜ் முறை வந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் நன்றாகத்தான் பதில் சொன்னான். உரத்தைப் பற்றி, மண்ணைப் பற்றி. மேனேஜர் தலையாட்டிக்கொண்டே வந்தவர், நடுவில் மூக்கைச் சுளித்தார்.

"என்னய்யா இது வாடை?"

எபனேசர் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்ற குடோன் பியூன் சாவதானமாகச் சொன்னான்: "தூத்துக்குடி சார்."

மேனேஜர் ஒப்புக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். எட்டு நாள் ஆறு வீட்டையும் அழ வைத்த வாடை, அந்த ஒரு வார்த்தையில் முடிந்து போனது. தேவகனி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்டம் தாண்டிவிட்டது என்றே நானும் நினைத்தேன்.

"சரி தம்பி. வண்டிய எடு."

புல்லட்டின் மேல் ஏறுவதற்கே பியூன் பிடித்துக்கொள்ளவேண்டியிருந்தது. கிக்கரை மிதிக்கக் கணுக்கால் மடியவேண்டுமே? மொத்தக் காலையும் தூக்கித் தூக்கி உலக்கை போடுவது மாதிரிப் போட்டான். ஆறாவது போடலுக்கு வண்டி கிளம்பியது. பியூன் காட்டிய கியரை மேலே தூக்கப் பாதம் வளையவில்லை. உடம்பையே ஒரு பக்கமாகச் சாய்த்து நெம்பினான். வண்டி ஒரு துள்ளு துள்ளி, ரோட்டோரம் அடுக்கியிருந்த காலிப் பெட்டிகளுக்குள் போய் விழுந்தது. அவன் அதன்மேல் விழுந்தான்.

"ஓட்டத் தெரியுமா, தெரியாதா?" என்றார் மேனேஜர்.

"பூட்ஸக் கழட்டிட்டா ஓட்டுவேன் சார்."

"கழட்டு."

அது கழன்றால்தானே? பியூன் ஒரு பக்கம் இழுத்தான். எபனேசர் சத்தியராஜின் இடுப்பைக் கட்டிக்கொண்டு மறுபக்கம் இழுத்தார். மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். 'எண்ணெய் விடுய்யா' என்று ஒருத்தி யோசனை சொன்னாள். அந்த நேரத்தில் சாயர்புரத்துப் பையன் கேன்வாஸ் ஷூவோடு புல்லட்டில் ஏறி, மாதா கோவில் வரைக்கும் போய்த் திரும்பி வந்து நிறுத்திவிட்டான்.

ஒருவழியாக இரண்டும் கழன்றன. சத்தியராஜ் வெறுங்காலோடு வண்டியை எடுத்தான். பியூன் முதல் கியரைப் போட்டுக் கொடுக்க, முப்பது கஜம் அதிலேயே உறுமிக்கொண்டு போனது. ராஜ்தூத்தில் கியர் இடது காலில். புல்லட்டில் வலது காலில். இடது காலில் இருப்பது பிரேக். இது அவனுக்கு யாராவது சொல்லி, அவன் காலுக்குப் பழகியிருக்கவேண்டிய விஷயம். அடுத்த கியர் என்று நினைத்து அவன் பிரேக்கை மிதித்தான். வண்டி செத்து நின்றது. அவன் இறங்கி அதை உருட்டிக்கொண்டே திரும்பி வந்தான்.

மேனேஜர் கோபப்படவில்லை. அதுதான் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "பத்து நாளைக்கு முன்னாடியே லெட்டர் போட்டோமே தம்பி. இத்தனை நாள் என்ன செஞ்சே?"

சத்தியராஜ் எபனேசரைப் பார்த்தான். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தான்.

"கேள்விக்கு நல்லா பதில் சொன்னே. ஜூன்ல இன்னொரு தோட்டத்துக்கு ஆள் எடுக்கோம். ஓட்டப் பழகிக்கிட்டு எழுதிப் போடு" என்றார் மேனேஜர். பிறகு சாயர்புரத்துப் பையனைக் கூப்பிட்டுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் வளவில் எல்லோரும் கிணற்றடியில் கூடிவிட்டார்கள். துக்க வீட்டுக்கு வருவது மாதிரித்தான் வந்தார்கள். ஆனால் யோசனையோடு வந்தார்கள்.

"ரெண்டு நாள்ல எடுத்ததுதான் தப்பு. ஒம்பது நாள் கெடந்திருக்கணும்" என்றார் அம்புரோஸ்.

"காடி ஊத்திக் கழுவியிருந்தா தோலு வெறைச்சிருக்காது" என்றாள் அல்போன்சா. "நான் சொல்லலாம்னு பாத்தேன்."

"நான் அப்பமே நெனச்சேன்" என்று எபனேசர் தொடங்கினார். "திங்கக்கிழம காலைல மொத பஸ்ஸு. சாத்தான்குளத்துல போயி..."

"நிப்பாட்டுங்க!"

சத்தியராஜ் கத்தி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "எட்டு நாளு. எட்டு நாளும் பூட்ஸு, பூட்ஸு, பூட்ஸு. வாடை இருக்கா, வாடை போச்சா. வண்டி ஓட்டப் போனியாலேன்னு இந்த வளவுல ஒருத்தரு, ஒரே ஒருத்தரு கேட்டியளா? பாதி போயிட்டு, விடுங்கன்னு சொன்னேன். கேட்டியளா? அந்தத் தேயிலைக்கு இல்லாத மூக்கு ஒங்க எல்லாருக்கும் இருக்கு!"

நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரியவங்ககிட்ட இப்படியாலே பேசுவ?" என்று எபனேசர் எழுந்தார். அப்போது தேவகனி குறுக்கே வந்தாள். ஆறு வருஷமாக அவள் அவர் முன்னால் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மெலிசுச் சுவர் என்று முன்னமே சொன்னேன்.

"அவன் பேசினதுல என்ன தப்பு? தேயிலை வாசம் இழுக்கும், அடிச்சு வெரட்டிருவான்னு சொன்னது ஆரு? குடோனுக்குள்ள ஒருத்தரயாவது கூப்ட்டானா? கேன்வாஸ் ஷூ போட்டவனுக்கு வேலை கெடைச்சிருக்கு. நீங்க வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இவன் இந்நேரம் ரெண்டு வண்டியும் ஓட்டியிருப்பான். ஜூன் வரைக்கும் இவன் எங்கயும் போகல. இங்கதான் இருப்பான். அந்த லெட்டரத் தாங்க."

எபனேசர் எல்லோருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். யாராவது தன் பக்கம் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நாங்கள் அவரவர் வீட்டு அடுப்பை ஞாபகப்படுத்திக்கொண்டு கலைந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் தாள் கிழிகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் சத்தியராஜை நடைபாதையில் பிடித்தேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்றுதான். அப்படியே, வண்டி பழகுகிறவனுக்கு முழங்காலில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வது நல்லது, என் அண்ணன் மகன் அப்படித்தான் பழகினான் என்று சொல்ல வாயெடுத்தேன். "இதக் கேளு சத்தியராஜ்..."

அவன் ரொம்ப மரியாதையாக, "தலை வலிக்குதுக்கா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் விடியுமுன், வளவில் ஒரு விளக்கும் எரியாத நேரத்தில், அவன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நடைபாதையைக் கடந்து மாப்பிள்ளையூரணிப் பக்கம் போனான். ஆறு வீட்டிலும் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று அவ்வளவு ஜாக்கிரதை. நான் விழித்திருந்தது தற்செயல்.